12 அடி தூரத்தில் அப்பாவின் ஈஸி சேர்: 45 ஆயிரத்துக்குள் எந்தப் பெரிய டிவி?

கும்பகோணம்_வாணி

வணக்கம். வீட்டுக்குப் பெரிய டிவி ஒன்று வாங்க வேண்டும். கையில் இருப்பது 45 ஆயிரம். அதற்கு மேல் ஆயிரம், இரண்டாயிரம் போகலாம், அவ்வளவுதான். மூன்று வாரமாக இணையத்தில் பார்த்துப் பார்த்துக் குழப்பம்தான் கூடியிருக்கிறது. அதனால் இங்கே கேட்கிறேன்.

இப்போது இருப்பது 2013இல் வாங்கிய 32 இன்ச் எல்இடி. இன்னும் ஓடுகிறது. ஆனால் அப்பாவுக்கு 74 வயது. போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தோம். படம் நன்றாகத் தெரிகிறது, கீழே ஓடும் எழுத்துத்தான் தெரியவில்லை என்கிறார். கிரிக்கெட் நடக்கும்போது என்னிடம் ஸ்கோர் கேட்பார். நான் உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பேன். இரண்டு முறை கேட்பார். மூன்றாவது முறை கேட்க மாட்டார். தானே எழுந்து, நாற்காலியின் கையைப் பிடித்து நிமிர்ந்து, டிவிக்கு இரண்டடி தூரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்காருவார். ஒரே ஓவரில் இரண்டு தடவை அப்படிப் போய் வந்ததைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டைச் சொல்லிவிடுகிறேன். பழைய வீடு. ஹால் கிழக்கு மேற்காக 14 அடி, தெற்கு வடக்காக 11 அடி. தெரு வாசலும் பெரிய ஜன்னலும் மேற்கே. கிழக்குச் சுவரில் 1998இல் அப்பா ஆசாரியை வைத்துச் செய்த தேக்கு ஷோகேஸ். அதன் நடுத்தட்டில்தான் டிவி. அப்பாவின் ஈஸி சேர் ஜன்னலோரம், டிவியிலிருந்து 12 அடி. தெற்குச் சுவரின் கிழக்கு ஓரத்தில் சமையலறை வாசல். அம்மா அந்த நிலையில் சாய்ந்து நின்றுகொண்டேதான் சீரியல் பார்ப்பார். உட்காரச் சொன்னால் அடுப்பில் பால் இருக்கிறது என்பார்.

சிக்கல் இதுதான். ஷோகேஸ் தட்டின் அகலம் 46 இன்ச். 50 இன்ச் டிவி நுழையும், 55 நுழையாது. ஷோகேஸைக் கழற்ற அப்பாவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. 50 போதுமா? கியூஎல்இடி வாங்க வேண்டுமா, சாதா எல்இடி போதுமா? வீட்டில் பார்ப்பது கேபிள் சேனல்கள், கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். விளையாட்டுக் கருவி எதுவும் கிடையாது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பாட்டி வீட்டுக்கு அரசு கொடுத்த 14 இன்ச் இலவச டிவி வந்தது. அதில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்த்தோம், யாருக்கும் எழுத்துத் தெரியவில்லை என்று நினைவில்லை. இப்போது அப்பா ஒருவர் வசதியாகப் பார்த்தால் போதும்.

அம்பத்தூர்_ரவி

வாணி, 12 அடிக்கு 50 வேண்டாம். நான் 10 அடிக்கு 50 வாங்கினேன். முதல் வாரம் பெரிதாகத் தெரிந்தது, இரண்டாம் மாதம் இன்னும் பெரிதாக வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. இப்போது 65 பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விலை விஷயத்தில் ஒன்று. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. 128 ரூபாய்க்கு விற்ற பொருள் 118க்கு வர வேண்டும். அதற்கு முன்பு எழுதிய விமர்சனங்களில் உள்ள விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கார்டு தள்ளுபடி, பழைய டிவி எக்ஸ்சேஞ்ச் எல்லாம் சேர்த்தால் 45 ஆயிரத்துக்கு 55 தாராளமாக வரும். பண்டிகைத் தள்ளுபடி வரை பொறுத்தால் இன்னும் குறையும்.

தஞ்சை_டிவி_மெக்கானிக்

வாணி மேடம், 19 வருடமாக டிவி வேலை பார்க்கிறேன். பிக்சர் ட்யூப் காலத்தில் தொழில் கற்றவன். நீங்கள் டிவியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். ஷோகேஸ் இருக்கும் கிழக்குச் சுவருக்கு நேர் எதிரே தெரு ஜன்னல். மூன்று மணிக்கு மேல் வெயில் திரையில் விழும். எவ்வளவு பெரிய டிவி வைத்தாலும் மாலையில் அப்பா பார்ப்பது ஜன்னலின் பிம்பத்தைத்தான். அம்மா நிற்கும் நிலைப்படி டிவிக்குப் பக்கவாட்டில் இருக்கிறது, அங்கிருந்து எந்த டிவியும் சரியாகத் தெரியாது. அப்பாவோ 12 அடிக்கு அப்பால். அந்தச் சுவரிலேயே டிவியை வைத்துக்கொண்டு 50ஆ 55ஆ என்று யோசித்தால் மூன்றில் ஒரு கஷ்டமும் தீராது.

ஒரு வேலை செய்யுங்கள். நாளை மாலை நான்கு மணிக்கு முகம் பார்க்கும் கண்ணாடியை ஷோகேஸில் டிவி இருக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு, வேறு யாரையாவது ஈஸி சேரில் உட்காரச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஜன்னல் தெரிகிறதா? தெரிந்தால் டிவியிலும் தெரியும். அதே கண்ணாடியை வடக்குச் சுவரில் பிடித்துப் பாருங்கள். வடக்குச் சுவரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே டிவி வந்தால் அப்பாவின் நாற்காலியைத் தெற்குச் சுவரோரம் நகர்த்தலாம், தூரம் 9 அடிக்கு வந்துவிடும். அம்மாவுக்கும் நிலைப்படியிலிருந்து ஓரளவு நேராகவே தெரியும்.

அளவுக்கு ஒரு கணக்கு. திரையின் மூலைவிட்டத்தைப் போல 1.6 மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் படம் கண்ணுக்கு 30 டிகிரி அகலத்தில் தெரியும். திரையரங்கக் கணக்குப் போடுகிறவர்கள் சொல்லும் அளவு இது. 55 இன்ச்சுக்கு அது சுமார் ஏழேகால் அடி. அதைவிடத் தள்ளி உட்கார்ந்தால் தப்பில்லை, படம் கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கு வேறு கணக்கு முக்கியம். 32இலிருந்து 55க்குப் போனால் எழுத்து 1.7 மடங்கு பெரிதாகிறது. 12 அடி 9 அடியாவதால் இன்னொரு 1.3 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் அப்பாவின் கண்ணுக்கு ஸ்கோர் எழுத்து இரண்டேகால் மடங்கு பெரிதாகத் தெரியும். நாற்காலியை நகர்த்தாமல் 65 வாங்கினால்கூட இரண்டு மடங்குதான் கிடைக்கும்.

55 இன்ச் டிவி ஏறக்குறைய 123 செ.மீ. அகலம், 71 செ.மீ. உயரம். பழைய நாளிதழ்களை அந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் மாட்டி வையுங்கள். பார்த்துப் பழகியபின் முடிவு செய்யுங்கள்.

இனி டிவி. பட்ஜெட் டிவிகளில் பேனல், அதாவது படம் தெரியும் திரை, இரண்டு வகை. விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் எங்கிருந்து பார்த்தாலும் நிறம் நிற்கும், இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கும் வீட்டுக்கு விஏ நல்லது. ட்யூப் லைட் எரிய, ஆளுக்கொரு மூலையில் நின்று பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ். அட்டையில் இதைப் போட மாட்டார்கள். கடையில் டிவிக்கு ஓரமாகப் போய் நின்று பாருங்கள், முகத்தின் நிறம் வெளுத்தால் விஏ.

கியூஎல்இடி என்பதும் எல்சிடி டிவிதான். நடுவில் குவாண்டம் டாட் படலம் ஒன்று கூடுதலாக இருக்கும், அதனால் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும். 2 ஆயிரம் வித்தியாசம் என்றால் வாங்கலாம், 8 ஆயிரம் என்றால் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படம் மாறும் திரை, வேண்டாம். வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் நன்றாகப் பிரித்துக் காட்டும் என்று ஹெச்டிஆர், டால்பி விஷன் என ஒட்டியிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். இந்த விலை டிவிகளில் அதைக் காட்டும் அளவு வெளிச்சம் இருக்காது.

மிக முக்கியமானது உங்கள் கேபிள் பெட்டி. சாதாரண எஸ்டி சேனலில் படம் 720க்கு 576 புள்ளி. 4கே திரையில் 3840க்கு 2160 புள்ளி. வகுத்துப் பாருங்கள், ஒரு புள்ளியை 20 புள்ளியாக இழுத்துப் பரப்ப வேண்டும். 32இல் தெரியாத மங்கல் 55இல் அப்படியே தெரியும். புது டிவி வந்த மறுநாளே படம் சரியில்லை என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். போய்ப் பார்த்தால் பெட்டியிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் போயிருக்கும். ஹெச்டி பெட்டிக்கு மாறுங்கள், ஹெச்டிஎம்ஐ வயர் போடுங்கள், அப்பா பார்க்கும் செய்தி, கிரிக்கெட் சேனல்களை மட்டுமாவது ஹெச்டியில் எடுங்கள். ஹெச்டியில் ஒரு புள்ளியை நான்காக இழுத்தால் போதும்.

கம்பெனிப் பெயரை வைத்து ரொம்ப யோசிக்க வேண்டாம். தோஷிபா பெயரில் வரும் டிவி இப்போது ஹைசென்ஸ் தயாரிப்பு. சாம்சங் 2022இலேயே எல்சிடி பேனல் செய்வதை நிறுத்திவிட்டது, அதன் எல்சிடி டிவிகளிலும் இப்போது வேறு கம்பெனிப் பேனல்தான். எந்த டிவி எடுத்தாலும் சர்வீஸ் ஆள் கும்பகோணத்திலேயே இருக்கிறாரா, திருச்சியிலிருந்து வர வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

கும்பகோணம்_வாணி

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. இன்று மாலை கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஷோகேஸில் நான் கண்ணாடியைப் பிடித்தேன், அப்பா நாற்காலியில் இருந்தார். "ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் தெரியுதும்மா, எதிர்வீட்டு முருங்கை மரம்கூடத் தெரியுது" என்றார். வடக்குச் சுவரில் பிடித்தபோது வெறும் சுவர்தான் தெரிந்தது.

வடக்குச் சுவரில் காலண்டரும் தாத்தா பாட்டி படமும் இருக்கின்றன. அவற்றைக் கிழக்கே மாற்றலாம், அப்பா சம்மதித்துவிட்டார். ஷோகேஸைத் தொட வேண்டியதில்லை என்றதும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

ஆனால் அது பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர். சுண்ணாம்புக் காரை. காலண்டர் ஆணி அடித்தாலே பொடியாகக் கொட்டும். அதில் டிவி தாங்குமா?

தஞ்சை_டிவி_மெக்கானிக்

மேடம், மாட்டாதீர்கள். 55 இன்ச் டிவி ஒன்றும் பெரிய எடை இல்லை. ஆனால் சுண்ணாம்புக் காரையில், திருகு முடுக்கத் துளையில் செருகும் சாதா பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. துளை போடும்போதே உள்ளே செங்கல் பொடியும், 8 எம்எம் துளை 15 எம்எம் ஆகிவிடும். நீள ஆங்கர், ரசாயனப் பசை என்று வழி இருக்கிறது, பழக்கப்பட்ட ஆள் வேண்டும். டிவியோடு இலவசமாக மாட்ட வரும் பையனுக்கு அதற்கு நேரம் இருக்காது. பொதுச்சுவர் வேறு.

கீழே வையுங்கள். இந்த டிவிகளுக்குக் கால் இரண்டு ஓரத்திலும் இருக்கும். கால்களுக்கு இடையே ஒரு மீட்டருக்கு மேல் வரலாம், வாங்குமுன் அந்த அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஈஸி சேரில் சாய்ந்திருப்பவருக்குக் கண் மட்டம் தரையிலிருந்து மூன்றடிதான். திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தில் வர வேண்டும். ஒன்றரை அடி உயரத்தில், ஐந்தடி நீளத்தில் உறுதியான பெஞ்ச் இருந்தால் அளவெடுத்தது போல அமையும். இரண்டரை அடி மேசை வேண்டாம், கழுத்து வலிக்கும்.

வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று. பட அமைப்பு விவிட் என்று இருந்தால் சினிமா அல்லது ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள், பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை, 60, 65க்கு இறக்குங்கள். புரை எடுத்த கண்ணுக்கும் கூசாது, டிவிக்கும் நல்லது. அந்த விளக்கு என்பது உள்ளே இருக்கும் எல்இடி பட்டைகள்தான். நூறிலேயே வைத்து நாள் முழுக்க ஓட்டினால் சூட்டில் சீக்கிரம் போகும். திடீரென்று சத்தம் வரும், படம் இருட்டாகிவிடும். செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் அடித்தால் உள்ளே படம் நிழலாக ஓடுவது தெரியும். அப்படித் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பட்டைதான் போயிருக்கிறது, மாற்றிவிடலாம். டிவியே போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். திரை உடைந்தால்தான் வழி இல்லை.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு மின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் வயரையும் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். நம் பக்கம் போர்டு எரிந்து வரும் டிவிகளில் பல அந்த வயர் வழியாக மின்னல் பாய்ந்தவை.

மீனா_திருச்சி

வாணி, என் மாமியாருக்கு 78. போன வருடம் எங்கள் வீட்டிலும் இதே கதை. படம் எல்லாம் சரியாக அமைந்தது, கஷ்டப்பட்டது ரிமோட்டில்தான். அதனால் எழுதுகிறேன்.

பழைய டிவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் சேனல் வந்துவிடும். புது டிவியை ஆன் செய்தால் படங்களாக அடுக்கி ஒரு முகப்பு வந்து நிற்கும். அதிலிருந்து செட்டாப் பாக்ஸுக்குப் போக மூன்று அழுத்து. மாமியார் ஒரு வாரம் டிவி பக்கமே வரவில்லை. கேட்டால் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அப்புறம் என் மகன் செட்டிங்ஸில் தேடி, ஆன் செய்ததும் கடைசியாக இருந்த இன்புட்டிலேயே தொடங்கும்படி மாற்றினான். இப்போது ஆன் செய்தால் நேராகக் கேபிள். பல டிவிகளில் இது இருக்கிறது, வாங்கும்போது கடைக்காரரையே செய்து காட்டச் சொல்லுங்கள். கடைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரிமோட்டை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். நிறைய புது ரிமோட்டுகளில் எண் பொத்தானே இல்லை.

இன்னொன்று சத்தம். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கிறது. இசை கேட்கும், பேச்சு புரியாது. வயதானவர்கள் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவது அதனால்தான். சவுண்ட் அமைப்பில் பேச்சுத் தெளிவு என்ற மாதிரி ஒன்று இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் 4, 5 ஆயிரத்தில் சின்ன சவுண்ட்பார். வயரை ஏஆர்சி என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ துளையில் செருக வேண்டும், மற்றத் துளையில் செருகினால் சத்தம் வராது. அதனால் 45 ஆயிரத்தையும் டிவிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஹெச்டி பெட்டி, சவுண்ட்பார் இரண்டுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

சேலம்_பழனி

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் என் அனுபவம். இரண்டு வருடம் முன்பு ஒரு இணையக் கடையில் 55 வாங்கினேன். பெட்டி வெளியே நன்றாக இருந்தது, மாட்ட வரும் ஆள் பிரிக்கட்டும் என்று அப்படியே வைத்தோம். அவர் நான்காம் நாள் வந்து பிரித்தால் வலது கீழ்மூலையிலிருந்து விரிசல். நீங்கள்தான் உடைத்திருப்பீர்கள் என்ற பேச்சிலேயே 19 நாள் போனது. என் அம்மா அந்தப் பெட்டியை ஹாலில் பார்க்கும்போதெல்லாம் வருத்தப்பட்டார்.

கொண்டுவரும் ஆள் முன்னாலேயே பிரித்து, ஆன் செய்து காட்டும் வசதி இருந்தால் அதையே எடுங்கள். பிரிப்பதை முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுங்கள். டிவியைப் படுக்கவைத்துத் தூக்க விடாதீர்கள், எப்போதும் நிமிர்த்தித்தான். பெட்டி, தெர்மாகோல் எதையும் ஒரு மாதம் வரை தூக்கி எறியாதீர்கள். உள்ளூர் கடையில் 2 ஆயிரம் கூட என்றாலும் உங்கள் நிலைமைக்கு அதுதான் சரி என்பேன்.

கும்பகோணம்_வாணி

எல்லோருக்கும் வணக்கம். வாங்கிவிட்டோம். மூன்று வாரம் ஆகிறது, பழகிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

55 இன்ச், 4கே, சாதா எல்இடி, ஐபிஎஸ். உள்ளூர் கடையில் 37,500. சர்வீஸ் ஆள் இதே ஊரில் இருக்கிறார், எண் வாங்கிப் பேசியும் பார்த்துவிட்டேன். கம்பெனிப் பெயரை எழுதவில்லை. உங்கள் ஊரில் அதற்கு ஆள் உண்டா என்பது எனக்குத் தெரியாது.

கடையில் மீனா சொன்னபடி அப்பா கையில் ரிமோட்டைக் கொடுத்தேன். முதலில் காட்டிய டிவியின் ரிமோட்டைத் தடவிப் பார்த்து, "இதில் நம்பர் எங்கே" என்று கேட்டார். அதை விட்டுவிட்டோம். அடுத்ததில் எண் இருந்தது. கடையில் ஓடிக்கொண்டிருந்த பூ, அருவி வீடியோவை நிறுத்தச் சொல்லி, கேபிளில் ஒரு செய்திச் சேனல் போடச் சொன்னோம். கடைப் பையனுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் போட்டார். எஸ்டியில் முகம் மங்கலாகவும், அதே சேனல் ஹெச்டியில் தெளிவாகவும் இருந்ததை அப்பாவே கண்டுபிடித்துச் சொன்னார்.

நாளிதழ் ஒட்டிய தாள் இரண்டு நாள் வடக்குச் சுவரில் இருந்தது. அம்மா முதலில் ரொம்பப் பெரிது என்றார். இரண்டாம் நாள் மாலை நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, "அந்த மூலையும் தெரியுது" என்றார்.

பெஞ்ச் வெளியே வாங்கவில்லை அண்ணா. பாட்டி வீட்டுத் திண்ணையில் கிடந்த மா பெஞ்ச், ஐந்தடி, உயரம் 17 இன்ச். இலவச டிவியை அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் நாங்கள் பார்த்தோம். கால் ஒன்று ஆடியது, ஆசாரி ஆப்பு வைத்துக் கொடுத்தார். டிவியின் கால்கள் இரண்டும் உள்ளடங்கி நிற்கின்றன.

பேக்லைட் 60இல். ஹெச்டி பெட்டிக்கும், கேபிள் வயரை வடக்கே இழுத்ததற்கும் சேர்த்து 1,900 ஆனது. சவுண்ட்பார் இன்னும் வாங்கவில்லை. பேச்சுத் தெளிவு போட்டதே இப்போதைக்குப் போதும் என்கிறார் அப்பா.

ஈஸி சேர் தெற்குச் சுவரோரம் வந்துவிட்டது. நேற்று இந்தியா ஆட்டம். நான் உள்ளே தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பா ஸ்கோர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் வந்தது. நிலைப்படியில் நிற்கும் அம்மாவுக்கு, கீழே ஓடும் எழுத்தை ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.